எர்த்து பிடுங்கிய பிளக்குகள்

மரக்காணத்து உப்பளங்களில் மின்சாரத்தைக் கண்டு பயந்த ஒரே மனிதர், அங்கே மின்சார வேலை பார்த்தவர்தான். மற்ற யாருக்கும் அந்தப் பயம் ஒரு துளிகூடக் கிடையாது. ஈரக் கையோடு சுவிட்சைத் தட்டுவார்கள். சுருக்கென்று ஷாக் அடித்தால், "ஏய், இன்னாடா இது, கிர்ருங்குது!" என்று சிரித்துவிட்டு, நிஜமாகவே அடித்ததா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்பவனையும் கூப்பிட்டுத் தொடச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஆயுள் முழுக்க ஒயரைப் பிடித்துச் சோறு தின்ற ஒரு மனிதர் கடைசி வரைக்கும் சுவிட்சைப் பார்த்தால் ஒரு அடி தள்ளியே நின்றார் என்றால், அவரைப் பற்றி எழுதாமல் நான் வேறு யாரைப் பற்றி எழுதுவது?

அவர் பெயர் எர்த்து. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக, "எர்த்து இருக்குதா?" என்று கேட்பார். புதுவீடு கட்டியவனிடம் கேட்பார். மாவு மிஷின்காரனிடம் கேட்பார். திருவிழாவுக்குச் சீரியல் பல்பு போட்டவர்களிடம் கேட்பார். பிள்ளையாரிடமே ஒரு தடவை கேட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

எழுபதுகளில் அங்கே ஓர் உப்புக் கம்பெனி ஆபீசில் நான் கிளார்க்காகச் சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். அதை நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள் என்று கேள்வி. எனக்குச் சொந்த ஊர் பிரம்மதேசம். நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பம். உப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், குழம்பில் கூடிப்போனால் முகத்தைச் சுளிக்கலாம் என்பது மட்டும்தான்.

ஆபீஸ் அளத்தின் விளிம்பில் இருந்தது. புதுப் பூட்டு வாங்கி மாட்டினால் மூன்றாம் மாதம் அதைத் திறக்கச் சாவி உதவாது, சுத்தியல்தான் வேண்டும். சுவர் பூத்துப்போய்ப் பொலபொலவென்று உதிரும். தரை எந்த மாதத்திலும் காயாது. அந்தத் தரையில்தான் எல்லோரும் வெறுங்காலோடு நடமாடுவோம். அளத்தில் உப்பு வாருகிறவர்கள் காலையிலிருந்து உப்புத் தண்ணீரில் நின்றுவிட்டு, சொட்டச் சொட்ட அப்படியே உள்ளே வருவார்கள். "கரண்டுக்கு உப்புத்தண்ணின்னா மாமியார் வூட்டு விருந்துப்பா. ரெண்டு வாட்டி கூப்புட வேணாம், ஓடியாந்துடும்" என்பார் எர்த்து.

அவர் சுவிட்சைத் தொடுகிற அழகே தனி. முதலில் டயரில் தைத்த செருப்பைப் போட்டுக்கொள்வார். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். வலது கையின் ஒரே ஒரு விரலால் சுவிட்சைத் தட்டுவார். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன். "ஒரு கையில தொட்டா அடிக்கும், ரெண்டு கையிலயும் தொட்டா கொண்டுபோயிடும். நெஞ்சு நடுவுல இருக்குதுப்பா" என்றார். இந்தப் பழக்கம் முற்றிப்போய், சுவிட்சே இல்லாத இடத்திலும் இடது கை பின்னாலேயே இருக்கும். புதிதாக வருகிற அதிகாரிகள் எல்லோரும், "பின்னாடி என்னய்யா மறைக்கிற, பீடியா?" என்று தவறாமல் கேட்பார்கள்.

எர்த்து என்ற பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மற்ற ஊர்களில் எர்த்து போடுவதென்றால் குழி வெட்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, நடுவில் குழாயை நட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் ஆபீசைக் கட்டிய காண்ட்ராக்டர் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறான். கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு. "ஊரே உப்பு சார், இதுக்கு மேல தனியா குழி எதுக்கு?" என்று ஒரு கம்பியை மண்ணில் செருகிவிட்டுப் போய்விட்டான். எல்லோருக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. உப்பளத்துக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்திசாலித்தனம் அது. நம்மவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தார். முழநீளம் கையோடு வந்துவிட்டது, மீதியைக் காணோம்.

"ஊருக்கெல்லாம் எர்த்துக்கு உப்பு போட்டு வளக்குறான். நம்ம ஊருல உப்பே எர்த்த துன்னுட்டு ஏப்பம் வுடுது" என்று அந்தத் துண்டை எல்லோர் மேஜையிலும் கொண்டுபோய்க் காட்டினார். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகை மழை விட்டதும் மண்வெட்டியோடு இறங்கிவிடுவார். குழியைத் தோண்டி, அரித்த கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி போடுவார். உப்பளத்தில் உப்பு எடுக்காமல் குழி எடுக்கிற ஆள் என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆபீசில் ஐந்து பிளக் பாயிண்ட் இருந்தது. அதில் ஆபீஸ் சாமான் ஒன்றுகூட மாட்டியிருக்காது. எல்லாம் வீட்டிலிருந்து வந்த விருந்தாளிகள். நான் காபிக்கு வெந்நீர் வைக்கச் சுருள் ஹீட்டர் ஒன்று வைத்திருந்தேன். ஹெட் கிளார்க் இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தார். உப்புக் காற்றில் அவருடைய சட்டை பத்து மணிக்கே துவண்டுபோகும் என்பதால் மத்தியானம் ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்துப் போட்டுக்கொள்வார். இந்த வீட்டுச் சாமான் எதற்கும் பிளக் இருக்காது. இரண்டு ஒயரின் நுனியைப் பல்லால் சீவி, ஓட்டையில் விட்டு, ஓட்டைக்கொரு தீக்குச்சியைச் செருகி இறுக்கிவிடுவோம். பிளக் என்ற ஒன்று கடையில் விற்கிறது என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எர்த்து இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார். வீட்டிலிருந்து கரண்டு சாமான் எது கொண்டுவந்தாலும் முதலில் அவரிடம் காட்ட வேண்டும். பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் வருடுவார். முகர்ந்து பார்ப்பார். பிறகு விசாரணை ஆரம்பிக்கும்.

"இதுக்கு வயசு எத்தினி?"

"எங்க அக்கா வூட்டுக்காரர் குடுத்ததுண்ணே."

"அவரு வயச கேக்கலப்பா. கீழ வுழுந்துச்சா?"

"ஒரே ஒரு தடவை."

"ஒரு வாட்டின்னு சொல்றவன் மூணு வாட்டி போட்டிருப்பான். யாரு ரிப்பேர் பண்ணது?"

"நான்தான்."

"நீயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு ஷாக்கே தேவலை.

தேறிய சாமானுக்கு, மூட்டைகளில் கம்பெனி முத்திரை போடுகிற கறுப்பு மையால் 'பாஸ்' என்று எழுதித் தருவார். அப்போது வரைக்கும் அவரிடம் பாஸ் வாங்கியவை இரண்டே இரண்டு. ஒன்று, ஹெட் கிளார்க்கின் டார்ச் லைட். இன்னொன்று, சாவி கொடுக்கிற சுவர்க் கடிகாரம்.

என் ஹீட்டர் போன கதை இப்படி. நான் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சுருளை உள்ளே விட்டு, சூடேறிவிட்டதா என்று சுண்டுவிரலை முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதேதான். பின்னாலிருந்து ஒரு அலறல். திரும்புவதற்குள் எர்த்து தீக்குச்சி, ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கி, கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை நறுக்கென்று இரண்டாக வெட்டிவிட்டார்.

"அக்கா வூட்டுக்காரர் குடுத்ததுண்ணே!" என்று கத்தினேன்.

"உன்ன தூக்கிக்கினு போவ அவரேதான் வரணும். பரவால்லியா?"

பதினைந்து நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லி, பதினோரு மணிக்கு ஒரு கூஜா நிறைய காபி என் மேஜைக்கு வரும்படி செய்துவிட்டார். ஹெட் கிளார்க்குக்கும் இதே கதிதான். இஸ்திரிப் பெட்டியின் நூல் சுற்றிய ஒயர் ஓரிடத்தில் பிரிந்திருந்தது. அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஊரிலிருந்து ஒரு கரிப்பெட்டியைத் தூக்கிவந்து, தணல் போட்டு அவர் மேஜைமேல் டங்கென்று வைத்தார். "இதுல உப்புக்காத்து ஒண்ணும் பண்ணாது சார், ஊதிக்கினே தேயுங்க." ஹெட் கிளார்க் ஒரு மாதம் கசங்கிய சட்டையோடு வந்து எதிர்ப்பைக் காட்டினார். பிறகு ஊத ஆரம்பித்தார்.

என் கல்யாணத்துக்கு அழைத்தேன், அது என் தப்பு. பந்தக்காலில் ஒயரைச் சுற்றியிருந்தார்கள், இரும்புக் கால். அதில் ஒரு பொடியன் சாய்ந்து நின்றிருக்கிறான். நான் தாலியைக் கையில் எடுக்கிறேன், கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டுகிறார், பல்பு எல்லாம் அணைகிறது, மைக் செத்துப்போகிறது. கூட்டத்தின் கடைசியில் ஒருவர் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். "நீ கட்டுப்பா, வெளிச்சம் இருக்குது!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். என் மாமனார் சாகும் வரை, "அந்தக் கரண்டுக்காரரு நல்லா இருக்காரா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விசாரிப்பார்.

இப்படிப் பட்டவர்த்தனமாக எல்லோரையும் பகைத்துக்கொண்ட மனிதர், ஒன்பது வருஷமாக டெம்பரரி. மூன்று பெண்கள் வீட்டில். எந்த நிமிஷம் வேண்டுமானாலும், நாளைக்கு வராதே என்று சொல்லிவிடலாம். பத்தாவது வருஷம் ஒரு வழி பிறந்தது. மெட்ராஸிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார், டெம்பரரி ஆட்களைப் பார்த்துப் பர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடப்போகிறார் என்று கடிதம் வந்தது. பட்டியலில் எர்த்தின் பெயரும் இருந்தது. ஆனால் உள்ளூர் மேனேஜர் சிபாரிசு செய்ய வேண்டும். அவர் வேண்டாமென்று சொன்னால் வேலையும் சேர்ந்து போய்விடும்.

அங்கேதான் வந்தது வினை. மேனேஜர் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்குக் கோட்டக்குப்பத்தில் ஒரு சிநேகிதர். அந்த வீட்டுப் பிள்ளை துபாயிலிருந்து வரும்போது ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். உடம்பெல்லாம் பளபளவென்று இரும்பு. மேனேஜர் அதைத் தன் அறையில், வருகிறவர்கள் முகத்துக்கு நேராக வைத்தார். அதன் பிளக் நம் ஊர் ஓட்டையில் நுழையவில்லை. மேனேஜர் தன் கையாலேயே பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, எங்களைப் போலவே தீக்குச்சி செருகினார். பி.ஏ. படித்தவர், எங்களைவிட நன்றாகவே செருகினார்.

எர்த்து பார்த்தார். அன்றே பிடுங்கினார். மேனேஜர் மறுபடியும் மாட்டினார். இவர் மறுபடியும் பிடுங்கினார். இப்படி ஒரு வாரம் நடந்தது. கடைசியில் மேனேஜர் எங்கள் எல்லோர் முன்னாலும், "இன்னொரு தடவை இதுல கை வச்சே, பர்மனென்ட் கிடையாது, வேலையும் கிடையாது. ஆபீசர் வர்ற அன்னிக்கு உன் சீட்டைக் கிழிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆபீசர் வருவதாகச் சொன்ன நாள், போயும் போயும் முதல் உப்பு நாளாக அமைந்தது. மாசி மாதம் சீசனின் முதல் உப்பை வாரியதும், ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் குவித்து மஞ்சளும் குங்குமமும் வைத்து, அளத்துப் பெண்கள் வரிசையாக வந்து மேனேஜர் அறையில் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அதில் ஒரு முறை உண்டு. அளத்திலிருந்து ஆபீஸ் வரும் வரை காலைக் கழுவக் கூடாது. கழுவினால் லட்சுமி தண்ணீரோடு போய்விடுவாள். ஆகவே உப்புத் தண்ணீர் சொட்டும் வெறுங்கால், கையில் பித்தளைத் தட்டு, ஓதம் ஏறிய தரை, அதில் பதினைந்து இருபது பெண்கள். எர்த்துக்கு வருஷத்தில் மிகவும் பயமான நாள் அதுதான். அந்த அரை மணி நேரமும் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு, சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் காவல் நிற்பார். முன்பிருந்த மேனேஜர்கள் விசிறியால் விசிறிக்கொண்டு பொறுத்துப்போனார்கள்.

நாங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டோம். "அண்ணே, மூணு பொட்டப் புள்ளைங்க இருக்குது. ஒரு அரை மணி நேரம் கண்ண மூடிக்கினு எங்கனா போய் நில்லுண்ணே. ஒண்ணும் ஆவாது" என்று நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"ஒண்ணும் ஆவாதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

"நான் எப்பிடிண்ணே எழுதிக் குடுக்கறது?"

"அப்ப என்னாலயும் போவ முடியாது" என்றார். அவருக்கு எல்லாப் பயமும் இருந்தது, வேலை போகிற பயமும்தான்.

அந்த நாள் வந்தது. பெரிய ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். துபாய் ஃபேன் அவர் முகத்துக்கு நேராக ஜோராகச் சுற்றுகிறது. மேனேஜர் அந்தக் காற்றில் நின்றுகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். வாசலில் குலவைச் சத்தம் கேட்டது. தாம்பாளத்தோடு முதலில் வந்தவள் அஞ்சலை. பெண்கள் வேலைக் குழுவுக்குத் தலைவி, யார் தலைவியோ அவள் கையில்தான் தாம்பாளம் என்பது வழக்கம். மேனேஜரையே ஏகவசனத்தில் விசாரிக்கக்கூடிய வாய். அவள் வாசற்படியில் கால் வைத்த அதே நொடியில் ஃபேன் முனகிக்கொண்டு நின்றது.

மேனேஜர் பாய்ந்து வெளியே வந்தார். "யோவ்! யார்யா மெயினை ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார்."

"போடுய்யா!"

"அவங்க வச்சிட்டு வெளிய போனதும் போட்றேன் சார்."

மேனேஜர் ஆபீசரிடம் திரும்பினார். "சார், நான் சொன்ன ஆள் இவன்தான். சுத்தப் பைத்தியம். ஆபீஸ்ல ஒரு பொருளை மாட்ட விடமாட்டான். இவனைப் போய்ப் பர்மனென்ட் பண்ணணுமாம்."

ஆபீசர் நிதானமானவர். எழுந்து வந்து, "அந்த ஃபேன்ல என்னய்யா கோளாறு? எனக்குக் காட்டு" என்றார்.

எர்த்து பெண்களை எல்லாம் வாசற்படிக்கு வெளியே நிற்கச் சொன்னார். மெயினைப் போட்டார். ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப் வைத்திருந்தார். ஒரு ஒயரை எர்த்துக் கம்பியில் மாட்டினார். செருப்புக் காலோடு பலகைமேல் ஏறி நின்றார். இடது கை பின்னால் போனது. இன்னொரு ஒயரைச் சுற்றுகிற ஃபேனின் இரும்பு உடம்பில் வைத்தார். நாங்கள் அத்தனை பேரும் பல்பையே பார்த்தோம். எரிந்தால் இரும்பில் கரண்டு கசிகிறது என்று அர்த்தம், அவர் பிழைத்தார். நான் கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். எரிடா, எரிடா பாவி!

பல்பு எரியவில்லை.

ஃபேனின் கழுத்தில் வைத்துப் பார்த்தார், காலில் வைத்துப் பார்த்தார். எரியவே இல்லை. மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா சார்?"

"கோளாறு இல்லையேப்பா" என்றார் ஆபீசர்.

"இன்னிக்கு இல்லீங்க" என்றார் எர்த்து.

"அப்ப என்னிக்கு?"

"அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்குங்க தெனம் வரப்போறேன்? அன்னிக்கு ஒரு நாளு மட்டும் வந்து புடுங்கிட்டு போயிருப்பேனே."

ஆபீசர் சிரிக்கவா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தார். சிரிக்கவில்லை. "ஒன்பது வருஷமா இங்க இருக்கே. என்னய்யா செஞ்சே?"

எர்த்து தலையைச் சொறிந்தார். பாவம், எர்த்துக் குழியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், மோட்டார் கொட்டகைகளில் சுவிட்சுக்குக் கீழே அவர் போட்ட பனம்பலகைகளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் ஆவலைங்க" என்றார்.

"என்னது?"

"ஒண்ணும் ஆவாம பாத்துக்கினேங்க. அவ்ளோதான்."

"அவனே ஒத்துக்கறான் சார், ஒண்ணும் செய்யலன்னு" என்றார் மேனேஜர்.

ஆபீசர் சுற்றிப் பார்த்தார். "விபத்துப் பதிவேடு ஒண்ணு இருக்கணுமே. யார்கிட்ட இருக்கு?"

என்னிடம்தான் இருந்தது. என் மேஜையின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். உருவினேன். மேஜை சாய்ந்து மைப்புட்டி உருண்டது. தூசியை வேட்டியில் துடைத்து அவரிடம் நீட்டினேன். அவர் முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். பழைய கையெழுத்தில் பெயர்கள். மோட்டாரில் கை வைத்தவர், சுவிட்சில் ஷாக் அடித்து விழுந்தவர், தோள் எலும்பு முறிந்தவர். அப்புறம் ஒரு பெயர். அதற்குக் கீழே கோடு. அதற்குப் பிறகு வெறும் பக்கம். திருப்பினார், அதுவும் வெறும் பக்கம். கடைசி வரை திருப்பினார். பூச்சி அரித்த ஓட்டைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"எழுதாம விட்டிருப்பாங்க சார்" என்றார் மேனேஜர்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். மேனேஜரும் என்னைப் பார்த்தார், அது வேறு மாதிரியான பார்வை. எனக்கும் வேலை முக்கியம், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. "நான் வந்து நாலு வருஷம் ஆச்சு சார். எழுதறதுக்கு ஒண்ணும் வரல" என்றேன்.

வாசற்படியிலிருந்து அஞ்சலை கேட்டாள். "ஐயா, அதுல கடைசியா யாரு பேருங்க இருக்குது?"

ஆபீசர் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். "கோவிந்தன். மோட்டார் கொட்டகை."

"எங்க வூட்டுக்காரருங்க" என்றாள் அஞ்சலை.

நாலு வருஷமாக அந்தப் புத்தகத்தை என் மேஜைக்குக் கீழே போட்டு வைத்திருந்தேனே, அதில் இவள் புருஷன் பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. வெட்கத்தில் என் முகம் எரிந்தது.

"அவரு கரண்டுல போய் மூணாம் மாசம் இவரு வேலைக்கு வந்தாருங்க" என்றாள். கையில் தாம்பாளம் அப்படியே இருந்தது, கால்மாட்டில் உப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. "அதுக்கு அப்புறம் ஒரு பேரும் இல்லன்றீங்க இல்ல? அதுதாங்க இந்த மனுசன் செஞ்ச வேலை. நாங்களும் இவர லூசுன்னு சிரிச்சவங்கதான். ஆனா சாயங்காலம் எல்லாரும் வூட்டுக்குப் போய் சேந்தோங்க. இவர அனுப்பறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. முதல் உப்ப மறுபடி அளத்துலயே கொட்டிட்டு போயிடறோம்."

முதல் உப்பைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டுவதா! அப்படி ஒன்று எந்த அளத்திலும் நடந்ததில்லை. பின்னால் நின்ற பெண்கள் ஒருத்திகூட அசையவில்லை. மேனேஜரின் முகத்தில் ஈ ஆடவில்லை.

ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்குப் போனார். இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். "மெயினை ஆஃப் பண்ணுப்பா. எல்லாரும் உள்ள வரட்டும்" என்றார் எர்த்தைப் பார்த்து. அந்த மாசி வெயிலில், காற்றில்லாத அறையில், சட்டை தொப்பலாக நனைய, கடைசிப் பெண் வெளியே போகும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு மேனேஜரின் பக்கம் காகிதத்தைத் தள்ளினார். மேனேஜர் சிபாரிசு எழுதினார். அதன் கீழே ஆபீசர் கையெழுத்துப் போட்டார்.

ஆர்டரைக் கையில் வாங்கிய எர்த்து அதைப் படிக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, எப்படிப் படிப்பார்? "எல்லாரும் வெளிய போயிட்டாங்களா? மெயின போட்டுடட்டுங்களா?" என்றுதான் கேட்டார். மறுவாரம் மேனேஜரே அவரைக் கூப்பிட்டு ஃபேனைக் கொடுத்தார். எர்த்து அதற்கு மூன்று கம்பி ஒயர் போட்டு, புதுப் பிளக் மாட்டி, எர்த்து கொடுத்து, பளபளக்கிற இரும்பின்மேல் கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் 'பாஸ்' என்று எழுதிவிட்டார். மேனேஜருக்கு அழகு கெட்டுப்போன வருத்தம் கடைசி வரை இருந்தது.

எர்த்து ஓய்வு பெற்று, மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்து, போன வருஷம் வீட்டில், படுக்கையில், வயசாகி, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். அவர் இருந்த வரை அந்தப் பதிவேட்டில் கரண்டு அடித்ததாக ஒரு பெயர்கூட ஏறவில்லை. பேர் வாங்கிய இஞ்சினியர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தேன் என்பதைத்தான் இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று அந்தப் புத்தகத்தை அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், முன்னாடி நாலு பேரத் தவிர எல்லாம் வெறும் பக்கமா இருக்குது? இதப் போய் இவ்ளோ பத்திரமா துணி சுத்தி வச்சிருக்கீங்களே!" என்றார்.

"பாத்து வச்சுக்கப்பா" என்றேன். "அதுல இல்லாத பேருங்கள்ல என் பேரும் ஒண்ணு."